மைல்ஸ் எனும் சத்திரசிகிச்சை நிபுணரும் அவர் விட்டுச்சென்ற வெற்றிடமும்

எனது சாச்சா ஒருவருக்கு மலக்குடலில் புற்றுநோய் வந்து, ஆசனவாயையும் சேர்த்து அகற்றி, வயிற்றில் நிரந்தரமாகப் பை வைத்தார்கள். சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஒரு வருடத்தின் பின்னர் ஜும்ஆ நாட்களில் அவர் பள்ளியின் வாசலோரம் சுவரில் சாய்ந்து நிற்பதைக் கண்டோம். குத்பா முடியும் வரை உட்காரவே மாட்டார். அவசரத்தில் வந்து நிற்கிறார் என்று சிலரும், பையினால் வெட்கப்படுகிறார் என்று சிலரும் பேசிக்கொண்டனர். உண்மையில் அவரால் உட்கார முடியவில்லை. இரண்டு பிட்டங்களுக்கும் இடையில் ஒரு வீக்கம் இறங்கியிருந்தது. நிற்கும்போது பெருக்கும், படுத்தால் சுருங்கும். புற்றுநோய் திரும்பி வந்துவிட்டது என்று தனக்குத்தானே முடிவு செய்துகொண்டு எட்டு மாதங்கள் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். சாச்சிக்குக் கூடத் தெரியாது.

நானும் அவரும் கிளினிக்குக்குப் போனபோது, வைத்தியர் பார்த்துவிட்டு இது புற்றுநோய் போலத் தெரியவில்லை, ஸ்கான் எடுத்து உறுதிசெய்வோம், இது பெரினியல் ஹேர்னியாவாக இருக்கலாம் என்றார். டயக்னோசிஸ் கார்டில் ஏ.பி.ஆர். என்று எழுதியிருந்ததைக் காட்டி, இதைப் பழைய வைத்தியர்கள் மைல்ஸ் ஒப்பரேஷன் என்பார்கள் என்றும் சொன்னார். பாடசாலை விடுமுறையில் நான் தேடிப் படித்தது அந்த மைல்ஸ் என்பவரைப் பற்றித்தான். சாச்சாவின் உயிரைக் காத்த சிகிச்சைக்கும், அவரை உட்காரவிடாமல் செய்த வீக்கத்திற்கும் மூலம் அந்த ஒரே மனிதரின் சிந்தனையில் இருப்பதை அறிந்தபோது இதை எழுதத் தோன்றியது.

வில்லியம் ஏர்னஸ்ட் மைல்ஸ் 1869 இல் மேற்கிந்தியத் தீவான டிரினிடாட்டில் பிறந்தார். அவரது தந்தை அங்கிருந்த குயின்ஸ் ரோயல் கல்லூரியின் அதிபர். ஆசிரியர் வீட்டுப் பிள்ளை என்பதால் எனக்கு அவர்மீது சற்றுக் கூடுதல் பிரியம் வந்ததை மறைக்க விரும்பவில்லை. மருத்துவம் படிக்க லண்டன் சென்று சென் பர்தலோமியு வைத்தியசாலையில் பயின்றார். பின்னர் மலக்குடல் நோய்களுக்கெனப் பெயர்பெற்ற சென் மார்க்ஸ் வைத்தியசாலையில் டேவிட் குட்சோல் என்ற மூத்த நிபுணருடன் நெருங்கிப் பழகினார். இருவரும் சேர்ந்து குதம், மலக்குடல் நோய்கள் பற்றி எழுதிய நூலின் முதல் பாகம் 1900 இலும் இரண்டாம் பாகம் 1905 இலும் வெளிவந்தன. பவுத்திர நோயின் பாதையைக் கணிக்க இன்றும் மருத்துவ மாணவர்கள் மனனமிடும் குட்சோல் விதி அந்நூலில் இருந்து வந்ததே.

லண்டன் புற்றுநோய் வைத்தியசாலையிலும் கோர்டன் வைத்தியசாலையிலும் மைல்ஸ் சத்திரசிகிச்சை நிபுணராகப் பணியாற்றினார். அக்காலத்தில் மலக்குடல் புற்றுநோய்க்குச் செய்யப்பட்டது பெரும்பாலும் கீழிருந்து வெட்டி எடுக்கும் முறைதான். 1826 இல் பிரான்ஸின் லிஸ்பிராங் தொடக்கிவைத்த பாதை அது. வயிற்றைத் திறப்பது என்றால் மரணத்தைக் கூப்பிடுவது போன்றது என வைத்தியர்களே அஞ்சிய காலம். ஆகவே ஆசனவாய்ப் பக்கமாக நுழைந்து, கைக்கு எட்டிய அளவு குடலை அறுத்து எடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். நோயாளி பிழைத்துக்கொள்வார், வீட்டுக்கும் போவார்.

வீட்டுக்குப் போனவர்களுக்குப் பிறகு என்ன ஆனது என்று தொடர்ந்து பார்த்ததில்தான் மைல்ஸ் வேறுபடுகிறார். 1899 தொடக்கம் 1906 வரை அவர் 57 பேருக்குக் கீழ்வழிச் சத்திரசிகிச்சை செய்திருந்தார். அவர்களில் 54 பேருக்கு ஆறு மாதங்களுக்கும் மூன்று வருடங்களுக்கும் இடையில் நோய் திரும்பி வந்தது. அந்தக் கணக்கை வெளியிட்டவர் அவரேதான். தன் கைவேலை இத்தனை பேரிடம் பலிக்கவில்லை என்று ஒரு நிபுணர் எண்ணிக்கையோடு சொல்வது எந்தக் காலத்திலும் எளிதல்ல. பரீட்சைப் பெறுபேறு வந்ததும் பிள்ளைகளைக் குறைசொல்லும் எம்மைப் போன்ற ஆசிரியர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

இறந்துபோன தனது நோயாளிகளின் உடல்களை அவர் பரிசோதனை செய்து பார்த்தார். நோய் திரும்பிய இடங்கள் கீழே, தான் வெட்டிய பகுதியில் மட்டும் இருக்கவில்லை. மேலே, இடுப்பறையின் உட்படலத்திலும், பெருங்குடலைத் தாங்கும் கொழுப்பு மடிப்பிலும், இடுப்புக்குச் செல்லும் பெரிய இரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்திலுள்ள நிணநீர்க் கணுக்களிலும் அது ஒளிந்திருந்தது. அதாவது கீழிருந்து செல்லும் கை எவ்வளவு நீண்டாலும் எட்ட முடியாத இடங்கள். புற்றுநோய் மேலாகவும், பக்கவாட்டிலும், கீழாகவும் என மூன்று திசைகளில் நிணநீர் வழியே பரவுகிறது, எனவே மூன்று திசைகளிலும் உள்ளதை ஒரே துண்டாக அகற்ற வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். மார்பகப் புற்றுநோயில் அமெரிக்காவின் ஹோல்ஸ்டட் இதே வகையான சிந்தனையை ஏற்கெனவே நடைமுறைப்படுத்தியிருந்தார்.

மைல்ஸ் தன் முறையை 1908 டிசம்பரில் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார். முதலில் வயிற்றைத் திறந்து, பெருங்குடலின் கடைப்பகுதியை அதன் மடிப்போடும் கணுக்களோடும் விடுவித்து, மேல்முனையை வயிற்றுச் சுவர் வழியே வெளியே கொண்டுவந்து நிரந்தர மலவாசல் அமைப்பது. பிறகு நோயாளியை ஒருபக்கமாகச் சரித்து, ஆசனவாயைச் சுற்றி அகலமாக வெட்டி, இடுப்பின் அடித்தளமாக இருக்கும் தசைகளையும் சேர்த்து எல்லாவற்றையும் கீழ்வழியே எடுத்துவிடுவது. வயிற்று வழியாகவும் கீழ் வழியாகவும் சேர்த்துச் செய்யும் யோசனை அவருக்கு முன்பே ஜெர்மனியின் செர்னி போன்றோருக்கு வந்திருந்தது. ஆனால் ஏன் செய்ய வேண்டும், எதையெல்லாம் கட்டாயம் எடுக்க வேண்டும் என்று காரணத்தோடு வகுத்தவர் மைல்ஸ். ஆகவேதான் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது.

விலை பயங்கரமாக இருந்தது. ஆரம்பத்தில் இந்தச் சிகிச்சைக்கு உட்பட்டவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கும் மேல் சத்திரசிகிச்சையின் விளைவாலேயே இறந்தனர். அன்று நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இல்லை. இரத்த வகைகள் கண்டுபிடிக்கப்பட்டுச் சில வருடங்களே ஆகியிருந்தன, இரத்தம் ஏற்றுவது வழக்கத்துக்கு வரவில்லை. மயக்கமருந்தும் இன்றுபோல் பாதுகாப்பானதாக இருக்கவில்லை. சென் மார்க்ஸ் வைத்தியசாலையின் லொக்கார்ட் மம்மரி போன்றவர்கள் கீழ்வழி முறையையே திருத்தி, மிகக் குறைந்த மரணத்தோடு செய்துகாட்டினர். மேசையிலேயே உயிரை இழப்பதா, மூன்று வருடத்தில் நோய் திரும்பி இழப்பதா என்பதுதான் உண்மையில் அந்த விவாதம். அதற்கு எளிதான விடை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மைல்ஸ் பின்வாங்கவில்லை. வேகமாகச் செய்யப் பழகினார், நோயாளிகளைக் கவனமாகத் தெரிந்தெடுத்தார், வருடங்கள் செல்லச்செல்ல மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. 1923 இல் அவர் தந்த கணக்கின்படி நோய் திரும்பியவர்கள் நூற்றுக்கு 30 பேருக்கும் சற்றுக் குறைவு. 57 இல் 54 என்றிருந்த இடத்திலிருந்து அது எவ்வளவு தூரம் என்பதைக் கணக்குப் பாடம் தெரிந்தவர்கள் போட்டுப் பார்க்கலாம்.

அவர் எல்லாவற்றிலும் சரியாக இருக்கவில்லை. புற்றுநோய் கீழ்நோக்கியும் பெரிதாகப் பரவும் என்று அவர் உறுதியாக நம்பினார். ஆகவே கட்டி எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் ஆசனவாயைக் காப்பாற்ற நினைப்பது தவறு என்பது அவரது நிலைப்பாடு. சென் மார்க்ஸின் நோயியல் நிபுணர் கத்பர்ட் டியூக்ஸ், அகற்றப்பட்ட குடல்களை வருடக்கணக்காக ஆராய்ந்து, கீழ்நோக்கிப் பரவுவது அரிதே என்று காட்டினார். 1932 இல் அவர் வகுத்த ஏ, பி, சி என்ற நோய்நிலைப் பிரிவுகள் உலகம் முழுவதும் பயன்பட்டன. அதன் பின்னர் மேல்பகுதிக் கட்டிகளுக்கு ஆசனவாயை விட்டுவைத்துக் குடலை மீண்டும் இணைக்கும் முறை வளர்ந்தது. அமெரிக்காவின் டிக்சன் அந்த முறையில் செய்த தன் பெரும் தொகுப்பை 1948 இல் வெளியிட்டார். மைல்ஸ் அதற்கு முந்திய வருடம், 1947 இல், லண்டனில் காலமாகியிருந்தார். இன்று மலக்குடல் புற்றுநோய் வந்த பலருக்கு நிரந்தரப் பை தேவைப்படுவதில்லை. ஆசனவாய்க்கு மிக அருகில், சுருக்குத் தசையையே தொட்டுக்கொண்டிருக்கும் கட்டிகளுக்கு மட்டும் மைல்ஸின் முறையே இன்றும் கதி. எனது சாச்சாவுக்கு வந்தது அத்தகையது.

இனி அந்த வெற்றிடத்தின் கதை. எமது இடுப்பின் அடியில் தொட்டில் போல ஒரு தசைத்தளம் இருக்கிறது. மேலே இருக்கும் குடலின் பாரத்தை அதுதான் தாங்குகிறது. மைல்ஸின் சத்திரசிகிச்சையில் மலக்குடலோடு இந்தத் தளத்தின் பெரும் பகுதியும் போய்விடுகிறது. வீட்டின் தரையைப் பெயர்த்துவிட்டு அதன் கீழே பாய் ஒன்றை மட்டும் கட்டிவைத்த நிலை. மைல்ஸுக்கு இது தெரியாமல் இல்லை. இடுப்பறையின் உட்படல விளிம்புகளை ஒன்றோடொன்று தைத்து மேலிருந்து ஒரு புதிய தரை போல அமைப்பது அவரது முறையின் ஓர் அங்கமாகவே இருந்தது. ஆனால் அந்தப் படலம் மெல்லியது. நின்று, நடந்து, இருமி, தும்மி வாழும் ஒருவருடைய குடலின் பாரத்தை வருடக்கணக்கில் அது தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சிலரிடம் சிறுகுடல் மெல்ல மெல்ல அந்த வெற்றிடத்தில் இறங்கி, தோலுக்குக் கீழே வந்து நிற்கிறது. அதுவே பெரினியல் ஹேர்னியா.

மைல்ஸின் காலத்தில் இதைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. நோயாளி உயிரோடு இருப்பதே பெரிய விடயமாக இருந்தபோது உட்காருவதைப் பற்றி யார் கேட்பார்கள்? இப்போது இது முன்னரைவிடக் கூடுதலாகக் காணப்படுவதற்குக் காரணம் உண்டு. நோயாளிகள் நீண்ட காலம் வாழ்கிறார்கள். சத்திரசிகிச்சைக்கு முன் கொடுக்கப்படும் கதிர்ச் சிகிச்சை நோயைக் கட்டுப்படுத்தினாலும் காயம் ஆறும் சக்தியைக் குறைக்கிறது. அத்தோடு 2007 இல் சுவீடனின் ஹோம் என்ற நிபுணரும் குழுவினரும் மைல்ஸின் எண்ணத்தை இன்னும் ஒருபடி கொண்டுசென்று, அடித்தளத் தசையை இன்னும் அகலமாக அகற்றும் முறையை வெளியிட்டார்கள். கட்டி முழுமையாக வெளியேறுவதற்கு அது உதவியது, துளையோ பெரிதானது. பெண்களின் இடுப்பு அகலமாக இருப்பதால் அவர்களுக்கு ஆபத்து சற்றுக் கூட. புகைப்பதும் காயத்தில் கிருமி தொற்றுவதும் நிலைமையை மோசமாக்கும்.

அறிகுறிகள் சொல்லக் கூச்சப்படக்கூடியவை, ஆகவேதான் சொல்கிறேன். நின்றால் கீழே ஏதோ இறங்குவது போன்ற பாரம். உட்கார்ந்தால் பந்தின் மேல் உட்கார்ந்தது போன்ற உணர்வு, வலி. தோல் இழுபட்டு மெலிந்து புண்ணாகலாம். சிலருக்குச் சிறுநீர் கழிப்பதில் சிரமம். சொற்பமானோருக்குக் குடல் சிக்கி அடைபடும். வாந்தியும் வயிற்று உப்புசமும் வந்து, பையில் எதுவும் வராமல் நின்றால் அது அவசர நிலை, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சிறிய வீக்கம், தொந்தரவு இல்லை என்றால் வைத்தியர்கள் பெரும்பாலும் கை வைப்பதில்லை.

சரிசெய்வதாக முடிவானால் முதல் வேலை புற்றுநோய் திரும்பவில்லை என்பதை ஸ்கான் மூலம் உறுதிசெய்வது. பிறகு சத்திரசிகிச்சை நிபுணர் மூன்று பாதைகளில் ஒன்றைத் தெரிவுசெய்கிறார். பழைய காயத்தின் வழியே கீழிருந்து போகலாம். இது உடலுக்கு இலகுவானது, ஆனால் மேலே ஒட்டிக்கிடக்கும் குடலைப் பார்த்து விடுவிப்பது கடினம். வயிற்றைத் திறந்து அல்லது சிறு துளைகள் மூலம் கெமரா வைத்து மேலிருந்து வரலாம், அப்போது குடலை நன்கு பார்த்து மேலே தூக்கலாம். இரண்டையும் சேர்த்தும் செய்யலாம். மைல்ஸ் மேலும் கீழுமாக எடுத்த அதே வழிகளில், இப்போது மேலும் கீழுமாக அடைக்கிறார்கள்.

குடலை மேலே ஏற்றிய பிறகு துளையை எதைக்கொண்டு மூடுவது என்பதே முக்கியமான கேள்வி. சும்மா இழுத்துத் தைப்பது நிலைப்பதில்லை, அங்கே இழுக்கத் தசையே இல்லை. செயற்கை இழையால் ஆன வலையை எடுத்து, பின்னால் வால் எலும்புப் பகுதியிலும், பக்கங்களில் எஞ்சிய தசைகளிலும் இணைப்புத் தசைநார்களிலும், முன்னால் இடுப்பெலும்பை ஒட்டியும் தைத்துப் புதிய தரை போடுகிறார்கள். காயத்தில் கிருமி இருந்தாலோ தோல் மோசமாக இருந்தாலோ நோயாளியின் சொந்தத் தசையையே நகர்த்தி வைக்கிறார்கள். தொடையின் உட்பக்கத் தசை, பிட்டத் தசை, வயிற்றின் முன்தசை ஆகியன அதற்குப் பயன்படும். இரத்த ஓட்டத்தோடு வருவதால் கதிர்பட்ட இடத்திலும் அது உயிரோடு ஒட்டிக்கொள்ளும். இத்தனைக்குப் பிறகும் சிலருக்கு வீக்கம் மீண்டும் வருவது உண்டு. அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு மேசைக்குப் போவது நல்லது.

மூன்றாவது வகை வலை ஒன்று இருக்கிறது. எமது வாசகர்கள் இதைக் குறிப்பாக அறிந்திருக்க வேண்டும். விலங்குகளின் தோலிலிருந்து உயிரணுக்களை நீக்கித் தயாரிக்கப்படும் உயிரியல் வலை அது. நெதர்லாந்தில் 104 பேரை வைத்துச் செய்யப்பட்டு 2017 இல் வெளியான ஆய்வு ஒன்றில், முதல் சத்திரசிகிச்சையின்போதே இத்தகைய வலையை வைத்து மூடியவர்களில் ஒரு வருடத்தில் ஹேர்னியா வந்தது நூற்றுக்கு 13 பேருக்கு. சாதாரணமாகத் தைத்து மூடியவர்களில் 27 பேருக்கு. காயம் ஆறுவதில் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. அந்த ஆய்வில் பயன்பட்ட வலை பன்றியின் தோலிலிருந்து செய்யப்பட்டது. மாட்டிலிருந்து பெறப்படும் வலைகளும் உண்டு, செயற்கை வலை உண்டு, சொந்தத் தசை உண்டு. எனவே ஒப்பத்துக்குக் கையெழுத்து வைக்கும் முன்னர், வைக்கப்போவது எதனால் ஆனது, வேறு தெரிவு இருக்கிறதா என்று சத்திரசிகிச்சை நிபுணரிடம் நேராகக் கேளுங்கள். நோயாளியின் மார்க்க நம்பிக்கையை மதித்து விளக்கம் தரப் பெரும்பாலான வைத்தியர்கள் தயாராகவே இருக்கிறார்கள், நாம்தான் கேட்பதில்லை. வேறு வழியே இல்லாத நிலையில் என்ன சட்டம் என்பதை உலமாக்களிடம் கேட்டறிய வேண்டும். நான் பத்வா சொல்லும் தகுதியுடையவன் அல்ல.

தொழுகை விடயத்திலும் அப்படித்தான். பை இருப்பதால் வுழூ எப்படி, பள்ளிக்குள் வரலாமா, ஸுஜூது செய்ய முடியாவிட்டால் என்ன என்று சாச்சா மனதுக்குள்ளேயே போட்டுக் குழம்பியிருக்கிறார். தொடர்ச்சியாக வெளியேறுவதைக் கட்டுப்படுத்த முடியாதவருக்கு மார்க்கத்தில் இலகு இருக்கிறது. ஒவ்வொரு பர்ளுக்கும் நேரம் வந்தபின் வுழூ செய்து தொழலாம் என்று எமது ஊர் மௌலவி ஐந்து நிமிடத்தில் விளக்கினார். எட்டு மாதக் கவலைக்கு ஐந்து நிமிட விடை.

ஸ்கானில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. கெமரா மூலம் மேலிருந்து செயற்கை வலை வைத்தார்கள். அவர் வார்டில் இருந்த நாட்களில் நான் மைல்ஸின் கதையைச் சொல்லிக் கொடுத்தேன். அந்த 57 பேரின் பகுதியைக் கேட்டதும், அவர்களுடைய பெயர்கள் எங்காவது இருக்கிறதா என்று கேட்டார். மைல்ஸின் கணக்கில் அவர்கள் எண்களாகத்தான் வருகிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தலையணையை ஒருபக்கம் தள்ளி வைக்கச் சொன்னார். மூன்று வாரம் கழித்து முதன்முறையாகக் கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தார், கீழே ஒரு மெத்தைத் துண்டு போட்டுக்கொண்டுதான். இப்போது ஜும்ஆவுக்கு வருகிறார். பின் வரிசையில் கதிரை போட்டு அமர்கிறார். மூன்று மாதத்திற்கு ஒருமுறை கிளினிக், அடுத்தது வருகிற மாதம்.